ஹனி கேக்கும் ஆறு மணி நேரமும்

சேலம் அஸ்தம்பட்டியில், ஏற்காடு சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், குழந்தைகளுக்கான சின்ன மருத்துவமனை ஒன்று இருக்கிறது. அதன் இரண்டாவது மாடியில் வேலை பார்க்கும் நர்ஸ் சபீஹாவுக்கு ஒரே வேலைதான். குழந்தைகளைத் தூங்கவைக்க வேண்டும். தையல் போட, ஒட்டிக்கொண்ட கட்டைப் பிரிக்க, முதுகில் நீர் எடுக்க, ஸ்கேன் குழாய்க்குள் அசையாமல் படுக்க என்று எதற்கெல்லாம் ஒரு குழந்தை அலறுமோ அதற்கெல்லாம் முன்பாக அவளைக் கூப்பிடுவார்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தை அளந்து கொடுப்பாள். அதன்பின் குழந்தை கண் திறந்து, தன் பெயரைச் சொல்லி, தண்ணீர் கேட்கும்வரை பக்கத்தை விட்டு நகர மாட்டாள்.

இருபத்திரண்டு வயதில் அவள் அங்கே சேர்ந்தபோது நடைமுறை வேறு. இரண்டு பேர் குழந்தையின் கையைப் பிடிப்பார்கள், ஒருவர் தலையை, ஒருவர் காலை. சபீஹா உயரமானவள், கொஞ்சம் பலசாலியும்கூட. அதனால் கால் அவளுக்கு ஒதுக்கப்பட்டது. ஐந்து வருஷம் கால் பிடித்தாள். மூன்று முறை மூக்கில் உதை வாங்கினாள். ஓமலூரிலிருந்து வந்த ஒரு பையன் கால் பிடிபட்டதும் எழுந்து உட்கார்ந்து அவள் மணிக்கட்டைக் கடித்தான். "சபீஹா பிடிச்சா டேபிளே அசையாது" என்று டாக்டர்கள் மெச்சிக்கொள்வார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

ஒரு நாள் உழவர் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அம்மாவின் கையைப் பிடித்து நின்ற நான்கு வயதுப் பையன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்தவன் ஒரு வார்த்தை பேசாமல் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டான். பிறகுதான் கத்தினான். அவனுடைய காலை அவள் எப்போது பிடித்தாள் என்பது அவளுக்கு ஞாபகமே இல்லை. அவனுக்கு இருந்தது. தக்காளியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த வருஷம்தான் மயக்க மருந்து நிபுணர் டாக்டர் சௌந்திரம் அங்கே வரத் தொடங்கினார். ஐம்பது வயதுப் பெண்மணி. நான்கு மருத்துவமனைகளுக்கு ஸ்கூட்டரிலேயே ஓடிக்கொண்டிருப்பவர். வந்த வாரமே சபீஹாவைக் கூப்பிட்டார்.

"பெரிய மயக்கம் என்னோட வேலை. சின்னச் சின்ன வேலைக்கெல்லாம் நான் வந்து நிக்க முடியாது. அதுக்காகப் புள்ளைங்கள அமுக்கிப் பிடிக்கிறதும் நல்லால்ல. லேசான மயக்கத்துக்கு நீ கத்துக்கோ. நான் எழுதித் தர்றேன், கூப்பிட்டா அஞ்சு நிமிஷத்துல வர்றேன். மத்ததெல்லாம் நீதான்."

இரண்டு வருஷம் கற்றுக்கொண்டாள். எடைக்குத் தக்க அளவு, மூச்சு நின்றால் என்ன செய்வது, மருந்தை முறிக்கும் மருந்து எது, எந்தக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது என்று எல்லாம். கடைசியில் டாக்டர் சௌந்திரம் வாய்மொழித் தேர்வு வைத்தார்.

"மருந்து கொடுக்கறதுக்கு முன்னாடி முதல்ல என்ன செய்வ?"

"பிஸ்மில்லா சொல்லுவேன் மேடம்."

டாக்டர் யோசித்தார். "சரி. ரெண்டாவது?"

"ஆக்சிஜன் வருதான்னு பாப்பேன். சளி உறிஞ்சுற மெஷின் ஓடுதான்னு பாப்பேன். புள்ள கடைசியா எப்ப சாப்பிட்டுச்சுன்னு கேப்பேன். சாப்பாடுன்னா ஆறு மணி நேரம் ஆகியிருக்கணும். இல்லேன்னா மயக்கத்துல வாந்தி எடுத்து நுரையீரலுக்குள்ள போயிடும்."

"பெத்தவங்க ஆறு மணி நேரம் ஆச்சுன்னு சொன்னா?"

"நம்ப மாட்டேன்."

தேர்வு அதோடு முடிந்தது.

சபீஹாவின் அத்தா கரீம் பாஷா சேலத்தில் இலவம் பஞ்சு மெத்தைக் கடை வைத்திருப்பவர். மகளுடைய வேலையைப் பற்றி யாராவது கேட்டால், "நான் படுக்க வைக்கிறேன், அவ தூங்க வைக்கிறா" என்று சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். அம்மா மஸ்தான் பீவிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் "பொண்ணு மயக்க மருந்து குடுக்குது" என்று சொல்ல வேண்டியிருந்தது. முதலில் வந்தவர்கள் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்து, அதற்குள் ஒருமுறை பார்த்து, குடிக்காமலேயே கீழே வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டாவதாகப் பேசியவர்கள் போனிலேயே நின்றுவிட்டார்கள்.

மூன்றாவதாக வந்தவர் நதீம், பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியர். அவருடைய அம்மா சுற்றி வளைக்கவில்லை.

"எனக்கும் ஒரு நாள் குடுத்துப் படுக்கப் போட்டுருவியாம்மா?"

"அவ்வளவு சுலபம் இல்ல மாமி. ஆறு மணி நேரம் நீங்க ஒண்ணும் சாப்பிடாம இருக்கணும்."

அந்த அம்மாள் மகனைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப எனக்குப் பயமில்ல. முடிச்சுருங்க." அடுத்த மாதம் நிக்காஹ் நடந்தது.

சபீஹா தனியாக மயக்கம் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு மருத்துவமனை நிர்வாகம் ஆறு மாதம் தவணை வைத்தது. பிடித்திருந்தால் தொடரலாம், இல்லாவிட்டால் பழையபடி கால் பிடிக்கலாம். நிர்வாகி மாதேஷ் கெட்டவர் அல்ல. ஆனால் கடிகாரத்தைப் பார்க்காமல் அவரால் ஒரு வாக்கியம் பேச முடியாது. முன்பு ஐந்து நிமிஷத்தில் முடிந்த தையல் இப்போது ஒரு மணி நேரம் ஆகிறதே என்பது அவருடைய குறை. முன்பு அந்தத் தளம் முழுவதும் கேட்ட அலறல் இப்போது இல்லை என்பது அவர் காதில் விழவில்லை.

அந்த மருந்தில் ஒரு விசேஷம் உண்டு. மூக்கில் ஸ்ப்ரேயாக அடித்ததும் பெரும்பாலான குழந்தைகள் சொக்கிப்போகும். சில குழந்தைகள் மட்டும் சொக்குவதற்கு முன் கொஞ்ச நேரம் பேசும். மனதில் எதையும் வைத்துக்கொள்ளாமல் பேசும். பனமரத்துப்பட்டிப் பையன் ஒருவன், தையல் போட வந்த டாக்டர் பெரியண்ணனைப் பார்த்து, "உங்க பேருதான் எங்க ஆட்டுக்கும்" என்றான். டாக்டர் பெரியண்ணன் கைதேர்ந்த அறுவை மருத்துவர், வேகமானவர், கோபக்காரர். ஆட்டைப் பற்றி யாரும் சிரிக்கக் கூடாது என்று சுற்றிலும் பார்த்துவிட்டுத் தையலைத் தொடர்ந்தார்.

தவணையின் ஐந்தாவது மாதம், புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு இனியா வந்தாள். ஆறு வயது. திருச்செங்கோட்டுப் பக்கம். அப்பா மயில்சாமி ரிக் வண்டி வைத்திருப்பவர், ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு தோண்டுபவர். ஆறடி உயரம், தூண் மாதிரி கை. அம்மா அனிதா கையில் ஒரு கோப்போடு கண் சிவந்து நின்றாள். மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து போகும்போது இனியாவின் குதிகால் சக்கரக் கம்பிகளுக்குள் போய்விட்டது. உள்ளூரில் கழுவிக் கட்டுப் போட்டு, தோல் பிய்ந்திருக்கிறது, பெரிய டாக்டர்தான் தைக்க வேண்டும் என்று சேலத்துக்கு அனுப்பியிருந்தார்கள்.

"பாப்பா கடைசியா எப்பங்க சாப்பிட்டா?" என்று சபீஹா கேட்டாள்.

"காத்தால ஏழு மணிக்கு ரெண்டு இட்லிங்க," என்றார் மயில்சாமி. "அப்புறம் பச்சைத்தண்ணிகூடப் பல்லுல படலீங்க."

சபீஹா நம்பவில்லை. அம்மாவிடம் தனியாகக் கேட்டாள். அனிதாவும் சத்தியம் செய்தாள். பிள்ளை காலை முழுவதும் அப்பாவோடு இருந்தாள், ஆஸ்பத்திரி, கட்டு என்றே நேரம் போய்விட்டது, சாப்பிட எங்கே நேரம் என்றாள். இனியாவிடம் கேட்டதற்கு அவள் அப்பாவைப் பார்த்துவிட்டு, இல்லையென்று தலையாட்டினாள். சபீஹா நேரத்தைக் குறித்துக்கொண்டு மருந்தை அடித்தாள்.

இனியா இரண்டு நிமிஷம் மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு புன்னகை செய்தாள்.

"அக்கா, உங்களுக்கு ரெண்டு மூக்கு."

"அப்படியா கண்ணு."

"எங்கப்பா அடிக்கடி என்னைய பேக்கரிக்குக் கூட்டிப்போவாரு. ஹனி கேக்கு. அப்பாவுக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணு. அம்மாகிட்டச் சொல்லக் கூடாது. சொன்னா சாமி கண்ணக் குத்தும்."

கட்டிலின் தலைமாட்டில் நின்ற அனிதா மெதுவாகத் திரும்பினாள். ரத்தம் பார்க்க முடியாது என்று வாசலிலேயே நின்றுகொண்டிருந்த மயில்சாமி, வாசலைத் தாண்டி ஓரடி பின்னால் போனார்.

"ஏனுங்க," என்றாள் அனிதா. "உங்களுக்குச் சக்கரை முன்னூத்தி இருவது. நெனப்பிருக்குதுங்களா?"

"அங்க போறப்பத்தான் காலு மாட்டிக்கிச்சு," என்று இனியா தொடர்ந்தாள். "கட்டுப் போட்டப்பறம் ரெண்டு கேக்கு வாங்கித் தந்தாரு. அழுவாம இருக்கறதுக்கு ஒண்ணு, சொல்லாம இருக்கறதுக்கு ஒண்ணு."

டாக்டர் பெரியண்ணன் முகக்கவசத்துக்குள் சிரித்துக்கொண்டார். சபீஹா சிரிக்கவில்லை. கட்டுப் போட்டது ஒரு மணிக்கு. இப்போது மணி நான்கு. வயிற்றில் இரண்டு கேக் இருக்கிறது, மருந்து உள்ளே போய்விட்டது. இனியாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, உறிஞ்சும் குழாயைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, டாக்டர் சௌந்திரத்துக்குப் போன் போட்டாள். அவர் நான்கு நிமிஷத்தில் தலைக்கவசத்தோடு ஓடிவந்தார். தையல் முடிய நாற்பது நிமிஷம். ஒன்றும் ஆகவில்லை. இனியா நன்றாகத் தூங்கி எழுந்து, "இட்லி வேணாம்" என்றாள். ஆனால் சபீஹாவின் சீருடை முதுகு முழுக்க நனைந்திருந்தது. அன்று கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

புதன்கிழமை கட்டு மாற்ற வர வேண்டும். காயத்தோடு ஒட்டியிருக்கும் துணியைப் பிரித்துக் கழுவுவது தையலைவிட வேதனையான வேலை. ஒன்பதரைக்கு நேரம் குறித்திருந்தார்கள்; எட்டரைக்கே வந்துவிட்டார்கள். மயில்சாமி வந்ததுமே சபீஹாவிடம் தனியாகப் பேசினார்.

"சிஸ்டருங்க, இன்னைக்கு மருந்து வேண்டாங்க. என்ற புள்ளை தாங்கிக்கும். ரிக் வண்டிக்காரன் புள்ளைங்க."

"வலிக்குமுங்க."

"அந்த மருந்து புள்ளைய வாய் ஓயாம பேசவைக்குதுங்க. அது ஒடம்புக்கு ஆகாதுங்க."

பின்னாலிருந்து அனிதா, "மருந்து கட்டாயம் குடுங்க சிஸ்டர்," என்றாள். "நானும் பக்கத்துலயே உக்காந்துக்கறேன். என்ன பேசுதுன்னு கேக்கோணும்."

அனிதா கீழே சீட்டு வாங்கப் போனாள். மயில்சாமி, பிள்ளைக்குக் காற்று வேண்டும் என்று இனியாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

சபீஹா இனியாவின் அருகில் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் கேள்வியையே மாற்றியிருந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டால் எந்தக் குழந்தையும் இல்லையென்றுதான் சொல்லும்.

"இனியா, காலையிலிருந்து சாப்பிட்டதுலயே எது நல்லா இருந்துச்சு?"

"கேக்குதான்," என்றாள் இனியா உடனே. அவள் சட்டைக் கழுத்தில் தேங்காய்த் துருவல் ஒட்டியிருந்தது. "பாலும் குடிச்சேன். ஆனா கேக்குதான்."

அனிதா கணவனைப் பார்த்தாள். மயில்சாமி சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் பெரியண்ணன் வந்தார். பதினொரு மணிக்கு அவருக்கு வேறு இடத்தில் அறுவைச் சிகிச்சை இருந்தது. சபீஹா விஷயத்தைச் சொன்னாள். மூன்று மணிக்கு மேல்தான் மருந்து கொடுக்க முடியும் என்றாள்.

"ஒரு கேக்குதானேம்மா. ஞாயித்துக்கிழமை ரெண்டு தின்னுட்டு ஒண்ணும் ஆகலியே."

"அன்னைக்குத் தெரியாது சார். இன்னைக்குத் தெரியும்."

"சரி, மருந்து வேண்டாம். நாலு பேரு பிடிங்க, அஞ்சு நிமிஷம். நீதான் நல்லாப் பிடிப்பியே."

"பிடிக்க மாட்டேன் சார்."

அதை உரக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தளத்தில் அதுவரை டாக்டர் பெரியண்ணனிடம் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அவர் படியிறங்கி மாதேஷின் அறைக்குப் போனார். ஐந்து நிமிஷத்தில் சபீஹாவுக்கு அழைப்பு வந்தது. இனியாவின் குடும்பத்தையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

மாதேஷ் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்தேகால். சபீஹா, ஒரு டாக்டரோட காலை நேரம் போச்சு. பேஷன்ட்டுக்கும் அலைச்சல். இந்த மாசக் கடைசியில இந்த ஏற்பாட்டப் பத்தி நான் மேல எழுதணும். என்னன்னு எழுதறது?"

"புள்ள சாப்பிட்டிருந்துச்சு, அதனால கொடுக்கலன்னு எழுதுங்க சார்."

"ஒரு சின்னத் துண்டுக் கேக்குக்கு..."

இனியா அப்பாவின் தோளில் சாய்ந்திருந்தாள். கட்டுப் பிரிக்கும் தள்ளுவண்டியை மேல்தளத்தில் பார்த்ததிலிருந்தே அவள் முகம் வெளுத்திருந்தது. அப்பா அவளை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றினார். அதுதான் காரணமாக இருக்க வேண்டும். அவள் ஒரு முறை விக்கினாள். பிறகு வாந்தி எடுத்தாள். பால் முதலில் வந்தது, பின்னால் சிவப்பு ஜாமோடு கேக், தேங்காய்த் துருவல், அதற்கும் பின்னால் மாதேஷ் சொன்ன சின்னத் துண்டுக்குக் கணக்கில் வராத இன்னொரு கேக்கின் பாதி. அவ்வளவும் டாக்டர் பெரியண்ணனின் இடது ஷூவின் மேல் விழுந்தது.

சபீஹா குழந்தையின் வாயைத் துடைத்து, நெற்றியைத் தடவிக்கொடுத்தாள். டாக்டர் பெரியண்ணன் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைவிட அவர் பார்த்தது வேறொன்று. இதே கேக் இருபது நிமிஷத்துக்கு முன் மயங்கிக் கிடக்கும் பிள்ளையின் தொண்டையில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அந்த அறையில் அவருக்கும் சபீஹாவுக்கும்தான் முழுதாகத் தெரியும்.

"மூணு மணிக்கு வர்றேன்," என்றார். ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு காலில் காலுறையோடு, அடுத்த அறுவைச் சிகிச்சைக்குப் போனார்.

மாதேஷ் கடிகாரத்தைப் பார்க்காமல், "துடைக்க யாரையாவது கூப்பிடுங்க," என்றார்.

மூன்று மணிவரை காத்திருக்க வேண்டும். இனியா அம்மா மடியில் தூங்கிப்போனாள். சபீஹா மயில்சாமியை வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள். கோபமாகத்தான் போனாள்.

"வேணும்னேதான் கொடுத்தீங்க. இல்லீங்களா?"

ஆறடி மனிதர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "சாப்பிட்டா மருந்து தர மாட்டீங்கன்னு அன்னைக்கு நீங்கதானே சொன்னீங்க. புள்ளைக்கு இம்புட்டு ஆபத்துன்னு எனக்குத் தெரியலீங்க. சத்தியமாத் தெரியலீங்க."

"கேக்கு விஷயந்தான் உங்க வீட்டம்மாவுக்குத் தெரிஞ்சு போச்சே. இன்னும் பாப்பா என்ன சொல்லிடுவாள்னு பயம்?"

அவர் வெளியே தெருவைப் பார்த்தார். சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது. பிறகு சொன்னார். நாலு மாதத்துக்கு முன் டாக்டர் இனி மாத்திரை போதாது, இன்சுலின் ஊசி போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். தினமும் காலையில் இனியாவைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும் வழியில் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொள்வதாக வீட்டில் சொல்லியிருந்தார். ஒரு நாள்கூடப் போட்டதில்லை. கிளினிக் வாசல்வரை போவார், திரும்பி எதிரில் இருக்கும் பேக்கரிக்குப் போவார். ஊசி இன்னும் பிரிக்காமல் ரிக் ஆபீஸ் குளிர்பெட்டியில் இருந்தது. இது முழுதும் தெரிந்த ஒரே ஆள் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்திருந்த இனியா.

"ஊசின்னா அவ்வளவு பயமுங்களா?"

"ஏழு வயசுல நாய் கடிச்சுதுங்க. அப்பல்லாம் தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி. நாலு ஆளு அமுக்கிப் பிடிச்சாங்க. வலிக்காது, வலிக்காதுன்னு சொல்லிக்கிட்டே குத்துனாங்க. கையைப் பிடிச்சவங்க மொகமெல்லாம் மறந்து போச்சுங்க. காலைப் பிடிச்சாரு பாருங்க, ஒரு மீசைக்காரரு, அவரு மட்டும் இன்னும் கனவுல வாராருங்க." சட்டையின் மேலாக வயிற்றைத் தடவிக்கொண்டார். "இந்த ஊசியும் வயித்துலதான் போடோணுமாமுங்க."

சபீஹாவின் கோபம் போய்விட்டது. ஆயிரத்து இருநூறு அடி பாறையில் துளை போடுகிற மனிதர் நான்கு மில்லிமீட்டர் ஊசிக்காக நாலு மாதம் ஓடியிருக்கிறார் என்பது சிரிப்பாகத்தான் இருந்தது. சிரிக்க முடியவில்லை. "நானும் அஞ்சு வருஷம் கால் பிடிச்சிருக்கேங்க," என்று மட்டும் சொன்னாள். அவர் அவளை ஒரு கணம் கூர்ந்து பார்த்தார். மீசை இல்லை என்று உறுதி செய்துகொண்டது போலிருந்தது.

"உங்க ஊசிய அடுத்த தடவை கொண்டாங்க," என்றாள் சபீஹா. "வீட்டுல நீங்களே சொல்லிடுங்க. புள்ள தலையில அந்தப் பாரத்த ஏத்தி வெக்காதீங்க."

மூன்று மணிக்கு எல்லோரும் கூடினார்கள். டாக்டர் பெரியண்ணன் ரப்பர் செருப்பில் வந்தார். சபீஹா ஆக்சிஜனைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், இனியாவின் விரலில் கிளிப்பை மாட்டினாள். மருந்துக் குழலை மூக்கருகே கொண்டுபோனபோது வாசலிலிருந்து மயில்சாமி, "ஒரு நிமிசமுங்க," என்றார்.

"அனிதா, நானே சொல்லிப்போடறேன். நான் ஊசி போட்டுக்கல. ஒரு நாளும் போட்டுக்கல. பயந்துட்டு பேக்கரியில உக்காந்துட்டேன்."

அனிதா வாயைத் திறந்தாள். சபீஹா விரலை உயர்த்தி, "அப்புறம் பேசிக்கலாங்க," என்று சொல்லி மருந்தை அடித்தாள்.

இரண்டு நிமிஷம். இனியா மின்விசிறியைப் பார்த்தாள். மயில்சாமி இனிமேல் எதுவும் வெளியே வர மிச்சமில்லை என்ற தைரியத்தோடு முதல்முறையாகக் கட்டில் அருகே வந்து நின்றார்.

"அம்மா பெருமாளுக்கு வெரதம்," என்றாள் இனியா. "அப்பாவுக்குச் சக்கரை எறங்கோணும்னு வெரதம். புரட்டாசி பூராக் கவுச்சி திங்கக் கூடாது."

"ஆமாம் கண்ணு," என்றாள் சபீஹா.

"போன சனிக்கெழமை முட்டை பப்ஸு தின்னுச்சு. சமையக்கட்டுல நின்னுக்கிட்டே தின்னுச்சு. பெருமாள் படத்தத் திருப்பி வெச்சுட்டுத் தின்னுச்சு."

அனிதாவின் கையிலிருந்த கோப்பு கீழே விழுந்தது. மயில்சாமி மனைவியைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பதற்கு எல்லா உரிமையும் இருந்தது. ஆனால் அவர், "எனக்கோசரம் வெரதமா இருந்தே?" என்று மட்டும் கேட்டார்.

"பாதி நாள் இருந்தனுங்க," என்றாள் அனிதா.

"எந்தக் கடைப் பப்ஸு?"

"உங்க பேக்கரிதானுங்க."

டாக்டர் பெரியண்ணன், "கையாடுது எனக்கு, யாரும் பேசாதீங்க," என்றார். அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. இனியா தூங்கிப்போனாள். கட்டுப் பிரிந்தது, காயம் சுத்தமாக இருந்தது. யாரும் யாரையும் பிடிக்கவில்லை.

அடுத்த முறை மயில்சாமி தன் ஊசியை ஒரு சாப்பாட்டுத் தூக்கில் ஐஸ் போட்டு எடுத்துவந்தார். சபீஹா அவருடைய டாக்டருடன் போனில் பேசி அளவைக் கேட்டுக்கொண்டாள். அன்றைக்கு அதைக் கையில் வைத்திருந்ததோடு சரி. வியர்த்துவிட்டது, வீட்டுக்குப் போய்விட்டார். அதற்கடுத்த முறை முனையில் ஊசி மாட்டாமல் வெறும் இன்சுலின் பேனாவை வயிற்றில் வைத்துப் பார்த்தார். சபீஹா அவசரப்படுத்தவில்லை. வலிக்காது என்றும் சொல்லவில்லை.

"வலிக்குமுங்க. கட்டெறும்பு கடிக்கிற அளவுக்கு வலிக்கும். குத்தறது நீங்கதான், எப்பக் குத்தறதுன்னும் உங்க இஷ்டம்."

நான்காவது கட்டு மாற்றிய நாளில் அவர் சட்டையைத் தூக்கினார். இனியா அதற்குள் மயக்கம் தெளிந்து சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ரிக் வண்டியில் வேலை செய்பவர்கள் ஆழம் சொல்வது போலவே அவள் சொல்லத் தொடங்கினாள்.

"பத்தடி... இருவதடி... கல்லு வந்துருச்சு... அம்பதடி..."

மயில்சாமி கண்ணை மூடிக்கொண்டு குத்திக்கொண்டார். பத்து வரை எண்ணி வெளியே எடுத்தார். கண்ணைத் திறந்து, தன் வயிற்றை, பிறகு சபீஹாவை, பிறகு எதிர்ச்சுவரைப் பார்த்தார்.

"தண்ணி வந்துருச்சாப்பா?" என்று இனியா கேட்டாள்.

"ஈரப்பதந்தான் சாமி," என்றார் அவர். அனிதா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மயில்சாமி உடனே, "போட்டாச்சுன்னு எழுதிக் குடுங்க சிஸ்டருங்க, இவ நம்ப மாட்டா," என்றார். சபீஹா மருத்துவமனைத் தாளிலேயே தேதி போட்டு எழுதிக் கொடுத்தாள்.

மாதக் கடைசியில் மாதேஷ் எழுதிய அறிக்கை ஒன்றரைப் பக்கம். சபீஹா அதைப் படித்ததில்லை. அதற்குப் பிறகு ஏற்பாடு நிரந்தரமாயிற்று, இர்பானா என்ற இளம் நர்ஸைக் கற்றுக்கொள்ள அனுப்பினார்கள், காத்திருக்கும் இடத்தில் ஆறு நாற்காலிகள் கூடுதலாக வந்தன. டாக்டர் பெரியண்ணன் இன்னமும் அவசரப்படுகிறார். ஆனால் அறைக்குள் நுழையும்போது முதலில் தன் காலைப் பார்த்து, குழந்தைக்கும் தனக்கும் நடுவில் ஓரடி இடைவெளி விட்டு நிற்கிறார்.

ஐப்பசி முடிவதற்குள் இனியாவின் காயம் ஆறியது. மொபெட்டின் பின் சக்கரத்துக்கு வலை போட்டார்கள். தை மாதம் மயில்சாமி ரிக் வண்டியை எடுத்துக்கொண்டு சத்தீஸ்கர் பக்கம் வேலைக்குப் போனார். ஒரு மதியம் அங்கிருந்து சபீஹாவுக்குப் போன் வந்தது. தம்மம்பட்டியிலிருந்து வந்த ஒரு கைக்குழந்தை அப்போதுதான் தூங்கியிருந்தது. இர்பானாவைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தாள். எதிர்முனையில் கம்ப்ரசர் இரைந்துகொண்டிருந்தது.

"சிஸ்டருங்க, இந்தக் காட்டுல ஐஸ் கெடைக்கலீங்க. ஊசி மருந்தைத் தண்ணிப் பானைக்குள்ளாற வெச்சா ஆகுமுங்களா?"

"தண்ணிக்குள்ள போடாதீங்க. சின்னப் பானையில வெச்சு, அந்தப் பானைய ஈர மணல் போட்ட பெரிய பானைக்குள்ள வைங்க. நிழல்ல இருக்கணும்."

"மணலு இருக்குதுங்க," என்று அவர் கத்தினார். "நேத்து எழுநூறடியிலிருந்து வந்த மணலு. குளுகுளுன்னு இருக்குது."

"அது போதுங்க," என்று சொல்லி வைத்துவிட்டு, சபீஹா உள்ளே போய் இர்பானாவை எழுந்துகொள்ளச் சொல்லிவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.